மணி பிளான்ட்: தண்ணீர்க் குப்பியா, தொங்கு தொட்டியா, நார்க் கம்பமா?

பக்கத்து வீட்டிலிருந்தோ நர்சரியிலிருந்தோ மூன்று நான்கு கணுக்கள் உள்ள ஒரு மணி பிளான்ட் துண்டு கைக்கு வந்துவிட்டால், அதைத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் வைப்பதா, மண் தொட்டியில் நட்டு உயரத்திலிருந்து தொங்கவிடுவதா, அல்லது தொட்டிக்குள் ஒரு கம்பத்தை நிறுத்தி மேலே ஏற்றிவிடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு யோசித்து எடுக்கப்படுவதில்லை. காலியாக இருந்த குப்பியோ, மாடத்தில் ஏற்கெனவே இருந்த கொக்கியோ முடிவை எடுத்துவிடுகிறது. ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டிய துண்டுகளை இந்த மூன்று விதங்களிலும் ஓராண்டு வளர்த்துப் பார்த்தால், இலையின் அளவிலும் தண்டின் பருமனிலும் கணுக்களுக்கு இடையிலான தூரத்திலும் அவை வெவ்வேறு செடிகள் என்றே தோன்றும். பராமரிப்பு வேலையும், ஏற்படும் தொல்லைகளும்கூட மூன்றிலும் வேறுவேறு. எனவே துண்டைத் தண்ணீரில் போடும் முன் சற்று நேரம் செலவிட்டு, நம் வீட்டுக்கும் நம் பழக்கத்துக்கும் எது ஒத்துவரும் என்று பார்ப்பது நல்லது.

முதலில் இந்தக் கொடியின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மூன்று முறைகளின் நிறைகுறைகளும் அதிலிருந்தே வருகின்றன. எபிப்ரெம்னம் ஆரியம் என்ற தாவரவியல் பெயருடைய இந்தச் செடி, பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரேயா தீவைத் தாயகமாகக் கொண்டது. 1880இல் போத்தோஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரிக்கப்பட்டு, பிறகு வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டு, 1964இல்தான் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. இவ்வளவு மாற்றங்களுக்கு ஒரு காரணம், வகைப்படுத்தலுக்கு ஆதாரமான பூவை இது அநேகமாகக் காட்டுவதே இல்லை என்பதாகும். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி இதற்குள் போதிய அளவில் உருவாவதில்லை என்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நாம் இந்தக் கொடியை வளர்ப்பது முழுக்க முழுக்க இலைக்காகத்தான். அந்த இலை, வீட்டுக்குள் உள்ளங்கை அளவில் இதய வடிவில் இருப்பதையே நாம் அறிவோம். ஆனால் தோட்டத்துத் தென்னையிலோ மாமரத்திலோ ஏறிவிட்ட மணி பிளான்டைப் பார்த்தவர்களுக்கு, அதே இலை முறத்தைவிடப் பெரிதாக, ஓரங்கள் கிழிந்தது போன்ற பிளவுகளோடு விரிவது தெரியும். முதிர்ந்த இலை 100 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும்கூட எட்டுவதுண்டு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உரமோ மண்ணோ மட்டுமன்று. ஏறுவதற்குக் கிடைக்கும் கொழுகொம்புதான். ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் சிறு முண்டாகத் தெரிவது காற்று வேர். அது ஈரமான, சொரசொரப்பான ஒரு பரப்பைத் தொட்டுப் பற்றிக்கொண்டால், அதற்கு மேல் வரும் தண்டு தடிக்கிறது, கணு இடைவெளி குறைகிறது, ஒவ்வொரு புதிய இலையும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக வருகிறது. பிடிப்பில்லாமல் அந்தரத்தில் தொங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது: தண்டு மெலிந்து நீள்கிறது, இலை சிறுக்கிறது. கொடி அப்போது அடுத்த மரத்தைத் தேடும் வேலையில் இருக்கிறது. இலைக்குச் செலவிட அதற்கு மிச்சம் இருப்பதில்லை. மிளகு பயிரிடுகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். மரத்தைப் பற்றி ஏறும் கொடியே காய்க்கும் கிளைகளை விடுகிறது. உச்சியிலிருந்து தரையை நோக்கித் தொங்கும் கொடியால் விளைச்சல் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியோடு கொடியைச் சேர்த்து நார் கொண்டு தளர்வாகக் கட்டி, அது வளர வளரத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே போவதும் இதே காரணத்தால்தான். மணி பிளான்டின் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மான்ஸ்டெரா இனத்தில், விதையிலிருந்து முளைத்த கொடி வெளிச்சத்தை விட்டு விலகி, அருகிலுள்ள மரத்தின் இருண்ட அடிப்பகுதியை நோக்கி ஊர்ந்து செல்வதை 1975இல் இரண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மரத்தைக் கண்டடைவதே அந்தக் குடும்பத்துக் கொடிகளில் பலவற்றுக்கு முதல் அக்கறை.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் வெளிச்சத்தைப் பார்த்துவிட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செடி வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. தெற்கு ஜன்னல் மிகப் பிரகாசமானது, வடக்கு ஜன்னல் மங்கலானது என்று அவை சொல்வது அந்த நாடுகளுக்குச் சரி. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சென்னையின் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீள்கிறது. அதனால் கோடையில் வடக்கு ஜன்னலிலும் காலை மாலைகளில் வெயில் எட்டிப் பார்க்கும்; தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் நன்றாக உள்ளே வரும். நம் ஊரில் இந்தக் கொடியைக் கருக்குவது மேற்கு ஜன்னலின் சித்திரை, வைகாசிப் பிற்பகல்தான். கிழக்கு ஜன்னலின் காலை இளவெயில் அதற்கு மிகவும் உகந்தது. ஓர் இடத்தின் வெளிச்சம் போதுமா என்பதை அறிய, நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். கையின் நிழல் கலங்கலாகவேனும் விரல்கள் தெரியுமாறு விழுந்தால் கொடி நன்றாக வளரும். நிழலே விழவில்லை என்றால் செடி சாகாது, ஆனால் மஞ்சள் வரிகள் மறைந்து முழுப் பச்சையாகி, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். வெள்ளை அதிகமுள்ள மார்பிள் குயின் போன்ற வகைகளுக்கு, பச்சையம் குறைவு என்பதால், சாதாரணக் கோல்டன் வகையைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். எந்த மூலையில் வைத்தால் செல்வம் சேரும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த மூலைக்கு வெளிச்சம் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர்க் குப்பியின் வசதி மறுக்க முடியாதது. மண் இல்லை, தொட்டியிலிருந்து ஒழுகும் நீர் இல்லை, ஊருக்குப் போனாலும் ஒரு வாரம் கவலையில்லை, சமையலறை ஜன்னல் திட்டிலும் படிப்பு மேசையிலும் அடங்கிவிடுகிறது. வேர் கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கும் மகிழ்ச்சி குழந்தைகளுக்கு வேறு எந்த முறையிலும் கிடைப்பதில்லை. கணுவோடு வெட்டிய துண்டு ஒன்றிரண்டு வாரங்களில் வேர் விட்டுவிடும். கணு இல்லாமல் இலைக்காம்பை மட்டும் வைத்தால், அது வேர் விட்டாலும் அதிலிருந்து கொடி கிளம்பாது. தளிர் வருவதற்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது.

ஆனால் தண்ணீரில் உணவு கிடையாது. முதல் சில மாதங்கள் கொடி தன் தண்டில் சேமித்திருப்பதைக் கொண்டு வளர்கிறது. பிறகு அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழ, நுனியில் மட்டும் சிறிய இலைகள் வருகின்றன. உரக்கடைகளில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை ஒரு லிட்டருக்குக் கால் கிராம் என்ற மிகக் குறைந்த அளவில் மாதம் ஒரு முறை கலந்தால் இது ஓரளவு சரியாகும். அளவு கூடினால் பாசி பிடிக்கும். வெளிச்சம் படும் தெளிந்த கண்ணாடிக் குப்பியில் பாசி எப்படியும் வரத்தான் செய்யும் என்பதால், பழுப்பு அல்லது பச்சை நிறக் குப்பியோ பீங்கான் சாடியோ நல்லது. கோடையில் குப்பித் தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. வெண்மையாக இருந்த வேர் பழுப்பாகிக் கொழகொழப்பாவது அதனால்தான். அப்படிப்பட்ட வேரை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தண்ணீரில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

குப்பி முறையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது கொசுவைப் பற்றி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை; வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரே அதற்குப் போதும். மணி பிளான்ட் குப்பி அதற்குச் செய்து வைத்தாற்போன்ற இடம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களே ஆகின்றன. எனவே வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது அழகுக்கான விதி அன்று, சுகாதார விதி. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது என்பதைப் பலர் அறிவதில்லை. இந்தக் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய குப்பியின் உட்சுவரில். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் குப்பியின் உட்புறத்தைப் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, வேர்க்கொத்தையும் குழாய் நீரில் அலசி, பிறகே புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குப்பியின் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சாலோ மெல்லிய வலைத் துணியாலோ அடைத்துவிடுவது கூடுதல் பாதுகாப்பு. இதை வாரம்தோறும் செய்ய ஒருவர் வீட்டில் உறுதியாக இருந்தால் குப்பி நல்ல தேர்வு. ‘முடிந்தபோது மாற்றிக்கொள்ளலாம்’ என்பவர்களும், விடுமுறை என்றால் இரண்டு மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் இந்த முறையைத் தவிர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலத்துக்கு மட்டுமேனும் குப்பிச் செடியைத் தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது தொங்கு தொட்டி. இதைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம், வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ நாய்க்குட்டியோ இருப்பதுதான். மணி பிளான்டின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற நுண்படிகங்கள் நிறைந்திருக்கின்றன. கருணைக்கிழங்கை அரியும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத கருணை நாக்கைக் குத்துவதும் இதே படிகங்களால்தான். இரண்டும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். குழந்தை ஓர் இலையைக் கடித்துவிட்டால் வாயும் உதடும் எரியும், எச்சில் ஒழுகும், வீக்கம் வரலாம். வாயைத் துடைத்துக் கழுவி, விழுங்குவதற்கோ மூச்சுக்கோ சிரமம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தரையில் நிற்கும் கம்பத் தொட்டியும் மேசைமேல் குப்பியும் இந்த வகையில் கைக்கும் வாய்க்கும் எட்டுபவை. தொங்கு தொட்டியும் கொடியைத் தரை வரை விட்டுவிட்டால் எட்டிவிடும், குறிப்பாகப் பூனைக்கு. எனவே நுனியைத் தவறாமல் கத்தரிக்க வேண்டும்.

அந்தக் கத்தரிப்பு செடியின் அழகுக்கும் தேவைப்படுகிறது. நான் முன்பே சொன்னபடி தொங்கும் கொடி தேடிக்கொண்டு நீள்கிற கொடி. விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் தொட்டியின் மேற்பகுதி மொட்டையாகி, இரண்டு மூன்று மெலிந்த தண்டுகள் மட்டும் கீழே தொங்கும். ஒரு மீட்டருக்கு மேல் போகும்போதெல்லாம் வெட்டி, வெட்டிய துண்டுகளை வேர்விடச் செய்து அதே தொட்டியின் மேல் மண்ணில் நட்டுவந்தால், ஓராண்டில் தொட்டி அடர்ந்துவிடும். நீண்ட கொடியை வெட்ட மனம் வராதவர்கள் அதை மண் மேல் ஒரு சுற்று சுற்றி, கணுக்கள் மண்ணில் படுமாறு கொண்டை ஊசியால் குத்தி வைக்கலாம். ஒவ்வொரு கணுவும் வேர் விட்டுத் தளிர்க்கும். இந்த முறையில் இலை என்றைக்கும் சிறிதாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அடர்த்திதான் இங்கே அழகு, அளவு அன்று.

தொங்கு தொட்டியில் அதிகம் கவனிக்கப்படாத தவறு, அதைத் தொங்கவிடும் உயரம். கூரைக் கொக்கியில் மாட்டிய தொட்டி பெரும்பாலும் ஜன்னலின் மேல்விளிம்புக்கும் மேலே போய்விடுகிறது. கீழே தொங்கும் நுனிக்கு வெளிச்சம் கிடைக்கிறது, தளிர் வரவேண்டிய தலைப்பகுதியோ இருட்டில் இருக்கிறது. மேற்பகுதி மொட்டையாவதில் பாதிப் பங்கு இதற்குத்தான். சங்கிலியையோ கயிற்றையோ நீட்டி, தொட்டியின் வாய் ஜன்னலின் நடு உயரத்துக்கு வருமாறு இறக்கிவிட்டால் பலன் தெரியும். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. உயரத்தில் வெப்பமும் கூடுதல், அதனால் மண் சீக்கிரம் காயும். எட்டாத உயரத்தில் இருப்பதால் விரலை விட்டு ஈரம் பார்ப்பதும் நடப்பதில்லை. நனைந்த மண்ணோடு தொட்டியின் எடை கூடும் என்பதால் கொக்கி கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும். பொய்க் கூரைப் பலகையில் மாட்டக் கூடாது.

மூன்றாவது, கம்பம். இலைக்காக வளர்க்கும் செடிக்கு அதன் இயல்போடு ஒத்துப்போகும் முறை இதுவே என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும், மூன்றிலும் அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். கம்பம் வைத்தும் இலை பெரிதாகவில்லை என்று கேட்பவர்கள் பலர். காரணம் அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: கம்பம் காய்ந்து கிடக்கிறது. நர்சரிகளில் கிடைப்பது பி.வி.சி. குழாயைச் சுற்றித் தென்னைநார்க் கயிறோ நார்ப்பாயோ சுற்றிய கம்பம். காய்ந்த நாரில் காற்று வேர் நுழைவதில்லை. வெறுமனே சாய்ந்து நிற்கிறது. கட்டி வைத்த கொடிக்கும் தொங்கும் கொடிக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது. கம்பத்தின் பயன் அதன் ஈரத்தில் இருக்கிறது.

ஈரத்தைக் காப்பதில், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பாக்னம் என்ற சதுப்பு நிலப் பாசியை நிரப்பிய வலைக் கம்பம் மற்றெல்லாவற்றையும் மிஞ்சும். வேர் அதற்குள் முழுமையாக இறங்கிவிடும், இலையும் வேகமாகப் பெருக்கும். ஆனால் பாசி விலை கூடியது, எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை, ஏசி ஓடும் அறையில் இரண்டு நாளில் காய்ந்து இறுகிவிடுகிறது. ஒருமுறை முற்றிலும் காய்ந்த பாசி எளிதில் மறுபடி நீரை உறிஞ்சுவதும் இல்லை. நாள்தோறும் கவனிக்க முடிந்தவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னைநார்ப் பொருட்கள் தாராளமாக வரும் நம் மாநிலத்தில், நார்க் கம்பத்தையே சற்று மாற்றி அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கம்பிவலையை உருளையாகச் சுருட்டி, நடுவே ஓர் உறுதியான கழியைச் செருகி, உள்ளே கழுவிய தென்னை நார்த்தூளையும் நார்த்துண்டுகளையும் கலந்து நிரப்பிவிட்டால் போதும். வெளியே நார்ப்பாய் சுற்றினால் தூள் உதிராது. இதற்குத் தண்ணீர் விடுவது மேலே தெளிப்பதன் மூலம் அன்று, உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றுவதன் மூலம். மூடியில் சிறு துளையிட்ட ஒரு சிறு பாட்டிலைக் கம்பத்தின் தலையில் கவிழ்த்து வைத்தால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். கைத்தெளிப்பான் நாரின் மேல்தோலை மட்டும் நனைக்கும்; அது சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். வாரம் இரண்டு முறை ஊற்றுவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது, கோடையில் மூன்று முறை.

இன்னும் எளிய மாற்று ஒன்று உண்டு. இழைக்காத, சொரசொரப்பான ஒரு மரப் பலகை அல்லது ரீப்பர் கட்டையைத் தொட்டிக்குள் நிறுத்துவது. அது ஈரத்தைப் பெரிதாகச் சேமிக்காது. ஆனால் தட்டையான பரப்பில் காற்று வேர் நன்றாக ஒட்டிக்கொள்ளும், பராமரிப்பும் குறைவு. இலை நார்க் கம்பத்தில் வருமளவு பெரிதாகாவிட்டாலும் தொங்கும் கொடியைவிடத் தெளிவாகப் பெரிதாகும். வேப்பம் பலகை, பழைய தேக்குச் சட்டம் எதுவானாலும் சரி, பெயின்டும் வார்னிஷும் இல்லாததாக இருக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் பகுதி சில ஆண்டுகளில் இற்றுப்போகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுவரிலேயே ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். சொந்த வீடானால் அது உங்கள் விருப்பம். காற்று வேரைப் பிய்த்தெடுக்கும்போது பெயின்டும் பட்டியும் சேர்ந்து வருகின்றன, பழுப்புத் தடம் நிலைத்துவிடுகிறது. வாடகை வீட்டில் அந்த ஆசையைத் துறப்பதே மேல்.

கொடியைக் கம்பத்தோடு சேர்க்கும்போது காற்று வேர் முண்டு உள்ள பக்கம் கம்பத்தைத் தொட வேண்டும், இலைகளின் முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அதாவது கம்பம் கொடிக்குப் பின்னால், வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் வர வேண்டும். கட்டுவதற்கு வாழைநாரோ பருத்தி நூலோ சிறந்தது. தண்டைக் கட்டலாம், இலைக்காம்பைக் கட்டக் கூடாது, ஏனெனில் காம்பு வெளிச்சத்தை நோக்கித் திரும்ப இடம் வேண்டும். தொங்கு தொட்டியை வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பினால் செடி சீராக வளரும். கம்பத் தொட்டியை அப்படித் திருப்பவே கூடாது, திருப்பினால் பிடித்த வேர்கள் விடுபடும். ஒரு கம்பத்துக்கு ஒரு துண்டு என்பது ஏழ்மையாகத் தெரியும். மூன்று நான்கு துண்டுகளை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நடுவது பார்வைக்கும் நிறைவு. தொட்டி கனமானதாக இருக்க வேண்டும். நான்கடிக் கம்பமும் ஈரமும் இலையும் சேர்ந்தால் இலேசான பிளாஸ்டிக் தொட்டி கவிழ்ந்துவிடும். சுட்ட மண்தொட்டியோ, அடியில் கருங்கல் ஜல்லி வைத்த பெரிய தொட்டியோ வேண்டும்.

கம்பத்தின் உச்சியைக் கொடி எட்டியதும் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். மேலே வழிய விட்டால் அந்த நொடியிலிருந்து அது தொங்கும் கொடிதான். இலை மறுபடி சிறுக்கத் தொடங்கும். கம்பத்தை நீட்டுவது ஒரு வழி. ஆனால் நம் அடுக்ககங்களின் கூரை உயரத்தில் அது சீக்கிரமே முடிந்துவிடும். நான் சொல்லும் வழி, பெரிய இலைகள் உள்ள மேல்பாதியை வெட்டி, வேரோடு கூடிய கணுக்களை அதே கம்பத்தின் அடியில் மண்ணில் நட்டு, மறுபடி கீழிருந்து ஏற்றுவது. முதிர்ந்த தண்டு என்பதால் புதிய இலைகள் முன்பிருந்த அளவிலிருந்து வெகுவாகக் குறையாது. மிஞ்சிய அடித்தண்டும் தளிர்த்துக் கீழ்ப்பகுதியை நிரப்பும். வெற்றிலை விவசாயிகள் எட்டாத உயரத்துக்குப் போன கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதிப்பதும் இதே அறிவுதான்.

மண் தொட்டியில் வளர்க்கும் இரண்டு முறைகளுக்கும் மண்ணும் நீரும் பொது. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் இறுகி வேருக்குக் காற்று இல்லாமல் போகும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கரித்துண்டோ செங்கல் உடைசலோ பெர்லைட் என்ற இலேசான வெள்ளைப் பொரிகல்லோ ஒரு பங்கு என்ற கலவை நன்றாக வேலை செய்கிறது. நார்த்தூளில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். மேல் மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது, ஊற்றினால் அடித்துளை வழியே வெளியேறும் வரை ஊற்றுவது என்ற இரண்டும் போதும். நாள் கணக்கு வைத்து ஊற்றுவதால்தான் பெரும்பாலான கொடிகள் அழுகிச் சாகின்றன. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் வைகாசி வெக்கைக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு கூடுதலாக இருப்பதால் அது ஆகாது. இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது, மண் தொட்டிக்குத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அதில் சத்தும் இல்லை என்பதால் குப்பிச் செடிக்கு அது உதவாது. இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதற்காகவே மூன்றையும் வீடு முழுக்க வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட, மூடிய சிறு அறைகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. இத்தகைய சோதனைகளை 2019இல் மறுபரிசீலனை செய்த ஆய்வு, ஜன்னலும் கதவும் வழியாக இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே வழி. இந்தக் கொடியை அதன் பசுமைக்காக வளர்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

இனி முடிவு. கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலுக்கு மூன்று நான்கடிக்குள் தரையில் இடமிருந்து, வாரம் இரண்டு முறை கம்பத்துக்கு நீர் ஊற்றக்கூடியவர் வீட்டில் இருந்தால், தயங்காமல் நார்க் கம்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே வெளிச்சம் இருந்தும் அவ்வளவு நேரம் இல்லை என்றால் மரப் பலகை. சிறு குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் உள்ள வீட்டுக்குத் தொங்கு தொட்டி, அதுவும் கத்தரிக்கோலைக் கையிலெடுக்கத் தயங்காதவர்களுக்கு. குப்பியை நான் நிரந்தர முறையாகப் பார்ப்பதில்லை. துண்டுகளை வேர்விடச் செய்யும் இடமாகவும், வெளிச்சமுள்ள சமையலறைத் திட்டுக்கோ அலுவலக மேசைக்கோ ஏற்ற சிறு பசுமையாகவும் அது சிறந்தது. வெளிச்சமே இல்லாத கூடத்துக்கு மூன்றில் எதுவும் உதவாது. அங்கே இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால்கனி நிழலுக்கும் கூடத்துக்குமாக மாற்றி வைக்கலாம். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் 15 டிகிரிக்குக் கீழே இந்தக் கொடி வளர்ச்சியை நிறுத்திவிடும். அங்கே ஈரக் கம்பம் அழுகலை வரவழைக்கும் என்பதால் பலகையே மேல். ஏறும் கொடிதான் வேண்டும் ஆனால் இடம் சிறிது என்பவர்கள் இலை மெல்லியதான இதய இலை ஃபிலோடென்ட்ரானையோ சிங்கோனியத்தையோ இதே மூன்று முறைகளிலும் வளர்க்கலாம், கால்சியம் ஆக்சலேட் எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. குப்பியிலிருந்து மண்ணுக்கு மாற்றுவதானால் வேர் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளும்போதே மாற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் வளர்ந்த நீண்ட வேர் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். அதைப் பாதியாக வெட்டி, முதல் இரண்டு வாரங்கள் மண்ணைச் சற்றுக் கூடுதல் ஈரமாக வைத்து, பிறகு வழக்கமான முறைக்கு வரலாம். தொங்கும் கொடியைக் கம்பத்துக்கு மாற்றும்போது பழைய மெலிந்த தண்டைச் சுற்றிக் கட்டுவதைவிட, அதைத் துண்டுகளாக வெட்டிப் புதிதாக நட்டு ஏற்றுவதே பலன் தரும். அக்கினி நட்சத்திரக் காலத்தையும் அடைமழை நாட்களையும் தவிர்த்து, ஆடி, ஆவணியில் இந்த மாற்றத்தைச் செய்தால் கொடி விரைவில் நிலைகொள்ளும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஏரிக்கரையிலோ மலைப்பாதை ஓரத்திலோ வீசிவிட வேண்டாம். இலங்கை உட்பட வெப்பமண்டல நாடுகள் சிலவற்றில் இது காட்டுக்குள் புகுந்து மரங்களை மூடும் அயல் கொடியாக மாறியிருக்கிறது. கேட்பவர்களுக்குக் கொடுத்ததுபோக மீதியைப் பொடியாக நறுக்கி வெயிலில் முற்றிலும் காயவைத்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.